புளியமரத்து இறக்கமும் ரகசியக் காப்பு விழாவும்

மொரப்பூரில் உரக்கடை மாடியில் 'அகக்கதவு மனநல ஆலோசனை அறக்கட்டளை' என்று ஒன்றைத் திறந்தார்களே, அதன் வாசலில் தங்க நிற எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும்: 'இங்கே சொன்னது வெளியே போகாது.' இதை எழுத்துக் கூட்டிப் படித்த ஒரே குற்றத்துக்காகக் கம்பைநல்லூர் பஸ் டிரைவர் மாதப்பன் பட்ட பாட்டைத்தான் சொல்ல வருகிறேன். படிக்காமல் இருந்திருந்தால் நேரே டீக்கடைக்குப் போய்ச் சொல்லியிருப்பான். விஷயம் நாலு பேரோடு நின்றிருக்கும்.

மாதப்பன் ஓட்டியது 'அமுதவல்லி' என்கிற பஸ். முதலாளி தமிழ்மணியின் அம்மா பெயர் அது. பொம்மிடியில் கிளம்பி மொரப்பூர் வந்து கம்பைநல்லூர் போய்ச் சேரும். மொரப்பூர் தாண்டியதும் ஒரு மேடு, மேட்டைத் தாண்டினால் புளியமரத்து இறக்கம். ஒருநாள் அந்த இறக்கத்தில் மாதப்பன் பிரேக்கை மிதித்தான், வண்டி நிற்கவில்லை. மறுபடி மிதித்தான், அப்போதும் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டு, கடைசிப் புளியமரத்தைத் தாண்டி ஒரு வழியாக நிறுத்தினான். உள்ளே இருந்த ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது. "யாரும் ஏறக் காணோம், எதுக்குய்யா நிறுத்தின?" என்று தக்காளிக் கூடையோடு ஒரு அம்மாள் சத்தம் போட்டாள்.

அன்று சாயங்காலமே போய் முதலாளியிடம் சொன்னான். முதலாளி தன் பட்டறை ஆளைக் கூப்பிட்டார். அவன் வண்டிக்கடியில் போய் ஸ்பானரால் நாலு தட்டுத் தட்டிவிட்டு வந்து, "வண்டி சோக்கா இருக்குதுங்க" என்றான். முதலாளி மாதப்பனை மேலும் கீழும் பார்த்தார். "வண்டி நல்லா இருக்குதுன்னா, அப்ப எது நல்லா இல்லை?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான், அந்தக் கேள்வி மாதப்பனின் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு மேட்டு உச்சிக்கு வந்தாலே வலது கால் வெடவெடவென்று நடுங்கும். பிரேக் ஒரு நாள் பிடிக்கும், ஒரு நாள் பிடிக்க யோசிக்கும். பிடிக்காதது பிரேக்கா, மிதிக்காதது காலா என்று அவனுக்கே குழம்பிவிட்டது. கால் நடுங்குவது முதலாளிக்குத் தெரிந்தால் அப்போதே சீட்டை விட்டு இறக்கிவிடுவார். ஸ்டேரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்துப் பிழைக்கத் தெரியாத மனுஷன் அவன், இறக்கிவிட்டால் எங்கே போவான்?

அவன் பெண்சாதி மலர்விழிதான் வழி சொன்னாள். "தூக்கத்துல என் காலையே பிரேக்குன்னு நெனச்சி மெதிக்கறீங்க. எத்தனை நாளைக்குத்தான் நானும் பொறுத்துக்கறது? உரக்கடை மாடியில போயி சொல்லுங்க. அங்க சொன்னா வெளியில போவாதாமே!"

போனான். வாசலிலேயே ஒரு ஆள் மடக்கி, மூக்கு வரை மூடுகிற ஒரு கம்பளிக் குல்லாவைக் கையில் கொடுத்தான். அடையாளக் காப்புக் குல்லாவாம். வருகிறவர் யார் என்று யாருக்கும் தெரியக் கூடாதாம். சித்திரை மாச வெயில், தகர ஷீட்டு போட்ட மாடி, கம்பளிக் குல்லா! உள்ளே பெஞ்சில் வரிசையாகக் குல்லா மாட்டிய ஜனங்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாதப்பனும் காக்கிச் சட்டையோடு போய் உட்கார்ந்தான்.

"என்ன மாதப்பா, நீயுமா?" என்றது பக்கத்துக் குல்லா.

"இல்லீங்க, நான் சும்மா வந்தேன்" என்றது மாதப்பனின் குல்லா.

எல்லோரும் வலது கையை நீட்டி ஒரு உறுதிமொழி எடுக்க வேண்டும். 'அறைக்குள் பேசப்படும் எதையும் என் காதில் வாங்க மாட்டேன்' என்று. ஏனென்றால் ஆலோசனை அறைக்கும் இந்தக் கூடத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு பிளைவுட் தட்டி, அதுவும் தலை உயரம் வரைக்கும்தான். அதற்கு மேல் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே காற்றாடி. காதில் வாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்து வைத்தார்களா, அதுவரை தூங்கி வழிந்துகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்தது கூப்பிடுகிற முறை. பேர் சொல்லிக் கூப்பிடுவது நெறிமுறைக்கு விரோதம். ஆகவே வாசலில் எழுதிக் கொடுத்த சீட்டில் பேரை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் சொல்வார்கள். மைக்கில்.

"காலு நடுங்குற கம்பைநல்லூர் பஸ் டிரைவர் உள்ளே வரவும்."

ஒலிபெருக்கியின் வாய் தெருப் பக்கம் பார்த்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவன்கூட அண்ணாந்து பார்த்தான். ஆனால் கடைசி வரைக்கும் பேர் வெளியே வரவில்லை. அதில் அவர்களைக் குறை சொல்லவே முடியாது.

உள்ளே ஆலோசகர் கோகிலவாணி. கழுத்தில் தொங்கிய அட்டையில் அந்த அம்மாளின் படிப்பு நாலு வரிக்கு இருந்தது. நல்ல குரல், கனிவான முகம், இடையிடையே தலையை ஆட்டுகிற பழக்கம். எதிராளி சொல்வது காதில் விழுந்துதான் ஆட்டுகிறாரா என்று மட்டும் கடைசிவரை கண்டுபிடிக்க முடியாது.

"சொல்லுங்க. உங்க மனசுல எது நிக்க மாட்டேங்குது?"

"மனசுல இல்லீங்க மேடம், வண்டியில. பிரேக் மெதிச்சா நிக்க மாட்டேங்குதுங்க."

"பிரேக்." கோகிலவாணி கண்ணை மூடிக்கொண்டார். "சின்ன வயசுல உங்களைத் தடுத்து நிறுத்தினது யாரு?"

"யாரும் நிறுத்தலீங்க."

"பாத்தீங்களா! உங்களை நிறுத்த ஆளே இல்லை. இன்னைக்கு நீங்க நிக்க முடியாம தவிக்கறீங்க. நீங்க பிரேக்னு சொல்றது பிரேக் இல்லை, உங்க அப்பா."

மாதப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் அப்பா பொம்மிடி ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். அவரை எதற்கு இதில் இழுக்கிறார்கள் என்று புரியவில்லை. "எங்கப்பாவை வுட்டுடுங்க மேடம். பட்டறை ஆளை மாத்திப் பாக்கச் சொன்னா..." என்று இழுத்தான்.

"எதிர்க்கறீங்க. நல்ல அறிகுறி" என்றார் கோகிலவாணி, தலையை ஆட்டிக்கொண்டே.

"ஒரே ஒரு விஷயம் மேடம். இது எங்க மொதலாளிக்கு மட்டும் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா என் பொழப்பு போயிடும்."

கோகிலவாணி தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இது உங்க ரகசியம் இல்லை இனிமே. எங்க ரகசியம். ஒவ்வொரு ரகசியத்தையும் எங்க நெறிமுறைக் கமிட்டி உக்காந்து பரிசீலிச்சு, யாருக்கெல்லாம் தெரியக் கூடாதுன்னு தீர்மானம் போடும். இந்த ஜில்லாவுல வேற எங்கயும் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது."

தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ 'உச்' கொட்டினார்கள். எங்கள் ஜனங்கள் இளகிய மனசுக்காரர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை நெறிமுறைக் கமிட்டி கூடியது. மாதப்பன் படியடியில் நிறுத்தப்பட்டான். சொந்த ரகசியமே ஆனாலும் கமிட்டிக் கூட்டம் ரகசியமல்லவா, அவனை எப்படி உள்ளே விடுவார்கள்? ஊரில் மதிப்பானவர்களாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்ட கமிட்டி. தலைவர் சவுரியப்பன், ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர். ஒவ்வொருவராகப் படியேறினார்கள். கடைசியாக வெள்ளைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து தமிழ்மணி இறங்கினார்.

மாதப்பன் அவசரமாகக் கும்பிடு போட்டான். "மொதலாளி..." என்றான்.

தமிழ்மணி அவனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலே போனார். அறக்கட்டளையின் புரவலர் அவர்தானாம். கட்டட வாடகையே அவர் கொடுப்பதாம்.

கூட்டம் முடிந்ததும் கோகிலவாணி சிரித்த முகத்தோடு இறங்கி வந்தார். "வாழ்த்துகள்! உங்க விஷயத்தை மேல்நிலை ரகசியமா வகைப்படுத்திட்டோம். உங்க மொதலாளிக்குத் தெரியவே கூடாதுன்னு ஏகமனதா தீர்மானம்."

"மேடம், எங்க மொதலாளியே உள்ள உக்காந்திருந்தாருங்களே!"

"அவருதான் அந்தத் தீர்மானத்தை முன்மொழிஞ்சாரு" என்றார் கோகிலவாணி. அவர் குரல் தழுதழுத்தது. "என்ன ஒரு பெருந்தன்மை! உங்க கேஸை முழுசா கேட்டு முடிச்சிட்டு, 'இது அந்த மொதலாளிக்குத் தெரியவே கூடாது'ன்னு மேசையைத் தட்டிச் சொன்னாரு. எங்க எல்லாருக்கும் கண்ணு கலங்கிடுச்சு."

மாதப்பன் ஒரு படி மேலே ஏறி நின்றான். "சரிங்க மேடம், என் பொழப்பு போனா போவுது. ஒருவேளை நெசமாவே பிரேக்குதான் கோளாறுன்னா? அந்த வண்டியில நித்தமும் ஜனங்க போறாங்களே?"

"அதுக்கும் விதி இருக்கு. அடுத்தவங்க உயிருக்கு ஆபத்துன்னா ரகசியத்தைச் சொல்லலாம்னு. இன்னைக்குப் பாதி நேரம் அதைத்தான் விவாதிச்சோம். அப்படி ஒரு விதி இருக்கறது வெளியே தெரிஞ்சா கிளையன்ட்டுங்க வாயைத் தொறப்பாங்களா? நம்பிக்கையே போயிடும். அதனால அந்த விதியையும் ரகசியமா வெச்சிக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு. உங்ககிட்ட சொன்னதே தப்பு. மறந்துடுங்க."

மறுநாள் காலையில் மாதப்பன் வண்டி எடுக்கப் போனபோது சீட்டில் அருண்குமார் என்கிற பையன் உட்கார்ந்திருந்தான். புதுசாக லைசென்ஸ் வாங்கியவன். தமிழ்மணி நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன மொதலாளி, நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை."

"அப்பறம் ஏங்க இறக்கறீங்க?"

"எனக்குக் காரணம் தெரியாது மாதப்பா. தெரியக் கூடாதுன்னு தீர்மானமே இருக்குது. அதை நான் மீற முடியுமா? நெறிமுறைன்னு ஒண்ணு இல்லையா?" தமிழ்மணி குச்சியை எறிந்தார். "காரணம் தெரிஞ்சி நிறுத்தினாத்தான்யா அது அநியாயம். ஒண்ணுமே தெரியாம நிறுத்தறவன்கிட்ட நீ என்னத்தைக் கேப்பே?"

எப்பேர்ப்பட்ட வாய் பாருங்கள்! வண்டி கழுவுகிற வேலையைக் கொடுத்துக் கையில் வாளியையும் கொடுத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, கால் நடுங்குகிறதா என்று மாதப்பன் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டான். முதலாளி, படித்த அம்மாள், கமிட்டி, இத்தனை பேரும் கோளாறு உன்னிடம்தான் என்கிறார்கள். அவர்கள் எல்லாம் பைத்தியமா, தான் ஒருத்தன் பைத்தியமா? அவன் பேசாமல் பைத்தியக் கணக்கில் தன் பெயரையே எழுதிக்கொண்டான்.

விஷயம் இதோடு முடிந்திருக்கும். அறக்கட்டளை விட்டால்தானே! ஒரு ரகசியம்கூட இதுவரை வெளியே போகவில்லை என்பதை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை வந்துவிட்டது. மொரப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து 'ரகசியக் காப்பு விழா' என்று வைத்தார்கள். ரோடெங்கும் பிளெக்ஸ். பிளெக்ஸின் நடுவில் மாதப்பன். வீச்சரிவாள் மீசை, கன்னத்து மச்சம், காக்கிச் சட்டை எல்லாம் பளிச்சென்று தெரிய, கண்ணுக்கு மட்டும் ஒரு கறுப்புப் பட்டை. கீழே, 'பெயர் வெளியிட விரும்பாத கால் நடுங்கும் ஓட்டுநர் அவர்களை மேடைக்கு வருக வருகவென வரவேற்கிறோம்.' கம்பைநல்லூர்க் குழந்தைகள் கண்ணில் கரியைப் பூசிக்கொண்டு மாதப்பன் விளையாட்டு விளையாடின.

"நான் வரலை" என்றான் மாதப்பன்.

"வரலைன்னா அது நீங்கதான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்" என்றார் கோகிலவாணி.

கூட்டம் சேர்க்கக் கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூருக்கு 'அமுதவல்லி' இலவசமாக ஓடியது. அந்தப் பக்கமிருந்து வரும்போது புளியமரத்து இறக்கம் ஏற்றம்தான், ஒன்றும் பயமில்லை. மலர்விழியும் அதில்தான் வந்தாள், மடியில் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையோடு. மதியச் சாப்பாடு உண்டு என்றதும் பாதி ஊர் ஏறி வந்திருந்தது. மேடையில் கம்பளிக் குல்லா மாட்டி உட்கார வைக்கப்பட்டிருந்த மாதப்பன், குல்லாவின் கண் ஓட்டை வழியாகத் தன் ஊர் ஜனங்களை எண்ணிப் பார்த்தான். சாப்பிட்டுவிட்டு இத்தனை பேரும் திரும்பிப் போவது புளியமரத்து இறக்கத்தில். ஓட்டப்போவது அருண்குமார்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போட்டார்கள், குல்லாவுக்கு மேலேயே. தலைவர் சவுரியப்பன் எழுந்தார். "ரகசியம் என்பது கற்பு. இந்த மையத்துக்கு வந்த நகைக்கடைக்காரர் ஒருவர் எதைத் திருடினார் என்பது எனக்குத் தெரியும். சொன்னேனா? நம் ஊர் பஞ்சாயத்துப் புள்ளி ஒருவருக்கு எத்தனை குடும்பம் என்பது தெரியும். சொன்னேனா? மொரப்பூரில் நகைக்கடை ஒன்றுதான் இருக்கிறது என்பதற்காக அவசரப்பட்டு யாரும் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம்." முன் வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து தன் புருஷனை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். பலத்த கைதட்டல்.

அடுத்தது புரவலர். தமிழ்மணி மைக்கைத் தட்டிப் பார்த்தார். "நான் அதிகம் பேச மாட்டேன். ஒரு டிரைவரு, பிரேக் புடிக்கலை பிரேக் புடிக்கலைன்னு பொலம்பறான். யாரு அந்த டிரைவருன்னு நான் சொன்னேனா? சொல்ல மாட்டேன். எந்த வண்டின்னு கேட்டா, என் கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். நீங்கல்லாம் இன்னைக்கு வந்தீங்களே, அந்த வண்டிதான்னுகூடச் சொல்ல மாட்டேன். பட்டறை ஆளு பிரேக்கைப் புதுசா மாத்தணும்னுதான் சொன்னான், நான்தான் பண்டிகை கழியட்டும்னு வெச்சிருக்கேன். அதைச் சொன்னேனா? ஒரு வார்த்தை வெளியே வுட்டேனா? இதாங்க நெறிமுறை!"

கைதட்டப் போன கைகள் பாதியில் நின்றன.

குல்லாவுக்குள் மாதப்பன் காதைத் தீட்டினான். பிரேக்கை மாற்ற வேண்டும் என்று பட்டறை ஆள் சொன்னானா? அப்படியானால் 'சோக்கா இருக்குது' என்றது? மாதப்பன் எழுந்தான். குல்லாவைக் கழற்றி எறிந்தான். மைக்கைப் பிடுங்கினான்.

"நான் மாதப்பன்ங்க. கம்பைநல்லூருங்க. எனக்குத்தான் காலு நடுங்குது. இந்த வண்டிதான் இறக்கத்துல பிரேக் புடிக்க மாட்டேங்குது. எம் பொண்டாட்டியும் இதுலதான் வந்திருக்கா. என்னைப் பைத்தியம்னே வெச்சிக்குங்க, ஆனா யாரும் திரும்பிப் போறப்ப அதுல ஏறாதீங்க!"

முதலில் அலறியது கோகிலவாணிதான். "ஐயோ, ரகசியத்தை வெளியே சொல்லிட்டாரே!"

நெறிமுறைக் கமிட்டி மேடையிலேயே, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அவசரமாகக் கூடியது. அறக்கட்டளை தொடங்கிய நாளிலிருந்து நடக்காத கொடுமை நடந்துவிட்டது. ஒரு கிளையன்ட்டின் மேல்நிலை ரகசியம், பெயரோடு, மைக்கில், பொது மேடையில் வெளியிடப்பட்டுவிட்டது. வெளியிட்டவர் மாதப்பன் என்பதற்கு ஊரே சாட்சி. சவுரியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தீர்ப்பைப் படித்தார்: ரகசியத்தைக் காக்கத் தவறிய மாதப்பன் அறக்கட்டளையிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறார். போட்ட பொன்னாடை திரும்ப வாங்கப்படுகிறது. வாங்கியும் விட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜனங்கள் வெளியே வந்தார்கள். 'அமுதவல்லி' கிளம்பத் தயாராக நின்றது. ஒருவரும் ஏறவில்லை. அருண்குமார் கூட்டத்தைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான், சாவியைச் சீட்டின் மேலே வைத்துவிட்டு இறங்கி மரத்தடிக்குப் போய்விட்டான்.

தமிழ்மணிக்கு முகம் சிவந்தது. "ஒரு மனநோயாளி பேச்சைக் கேட்டுக்கிட்டு நிக்கறீங்களே, அறிவில்லை? வண்டிக்கு ஒண்ணுமில்லை! எல்லாம் அவன் மனசுல இருக்குது. தலைவரே, நீங்க மொதல்ல ஏறிக் காட்டுங்க!"

தலைவர் சவுரியப்பன் ஒரு காலைப் படியில் வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். தனக்குப் பிரஷர் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். மற்ற கமிட்டிக்காரர்களுக்கு, ஒருவருக்கு அரூரில் வேலை, இன்னொருவருக்குச் சாப்பிட்டதும் நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. கோகிலவாணி தெருமுனையில் ஒரு ஆட்டோவை நோக்கிக் கைகாட்டியபடி வேகமாக நடந்துகொண்டிருந்தார். தமிழ்மணியோ சத்தம் போட்டுக்கொண்டே தன் வெள்ளைக் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

மாதப்பன் ஒவ்வொருவராகப் பார்த்தான். பட்டறை ஆள் ஸ்பானரால் தட்டிச் சொல்லாததை, நாலு வரிப் படிப்புக் கண்டுபிடிக்காததை, அந்தக் காலி பஸ் அவனுக்குப் பளிச்சென்று சொல்லிவிட்டது. கீழே பார்த்தான். கால் நடுங்கவில்லை. அவன் ஓடிப்போய் ஆட்டோவை மறித்தான்.

"மேடம், பிரேக்குங்கறது எங்கப்பாதான்னு சொன்னீங்களே? எங்கப்பா தங்கமான மனுசன்ங்க, ஒண்ணும் பண்ண மாட்டாரு. பஸ்லயே வாங்களேன்."

கோகிலவாணி ஆட்டோவின் உள் மூலைக்கு நகர்ந்துகொண்டார்.

"ஏன் மேடம் ஏற மாட்டேங்கறீங்க?"

"அது என் தனிப்பட்ட விஷயம். அதையெல்லாம் வெளியில சொல்றதுக்கில்லை" என்று சொல்லிவிட்டு, "போப்பா, சீக்கிரம் எடு" என்று டிரைவரின் தோளைத் தட்டினார்.

கூட்டத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு தக்காளிக் கூடைக்கார அம்மாள், வெள்ளைக் காருக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "பிரேக்கை மாத்து, மாதப்பனை ஏத்து. அதுவரைக்கும் உன் காரு நவுறாது" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் மலர்விழி போய் உட்கார்ந்தாள். அப்புறம் பாதி ஊர் உட்கார்ந்தது.

தமிழ்மணி காருக்குள்ளிருந்தபடியே பட்டறைக்குப் போன் போட்டார். குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்காத மாதிரி வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார். காரின் கண்ணாடி இறங்கியிருந்ததால் எல்லோருக்கும் நன்றாகவே கேட்டது.